வாசலில் மின்சாரம் உள்ளவருக்கே வண்டியா?

மின்சாரக் காரைப் பற்றி நம்மவரிடையே நடக்கும் வாதங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. இவர்கள் நாள்தோறும் எங்கே போய் வருகிறார்கள்? காலையில் கிள்ளானிலிருந்து புறப்பட்டுப் பெட்டாலிங் ஜெயாவுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ சென்று மாலையில் வீடு திரும்பும் மனிதர், அந்தக் காரைக் குறித்துக் கேட்கும் முதற் கேள்வி, "தீபாவளிக்குச் சுங்கைப் பட்டாணி வரைக்கும் ஒரே மூச்சில் போகுமா?" என்பதே. ஆண்டில் இரண்டு முறை செய்யும் பயணத்தைக் கொண்டு, முந்நூறு முறை செய்யும் பயணத்துக்குரிய வண்டியை அளக்கிறோம். கலியாண வீட்டு அண்டாவை அடுப்பிலேற்றி இருவருக்கு உலை வைப்பார் உண்டோ?

அளவுகோல் பிழைபட்டால் அளந்ததும் பிழைபடும். அதனினும் பெரிய கேடு, கேட்க வேண்டிய கேள்வியே மறைந்து போவது. மின்சாரக் கார் எவ்வளவு தொலைவு ஓடும் என்று விடாமல் கேட்கும் நாம், அது இரவில் எங்கே உறங்கும் என்று கேட்பதே இல்லை. இந்த இரண்டாம் கேள்வியைத்தான் நான் இங்கு எழுப்ப விரும்புகிறேன்.

முதலில் வண்டியின் இயல்பைப் பார்ப்போம். கூட்டரசு நெடுஞ்சாலையின் நெரிசலில் பெட்ரோல் கார் அசையாமல் நிற்கும்போதும் அதன் இயந்திரம் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஓடும்போதுகூட, எரிக்கும் எண்ணெயின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சேர்கிறது. எஞ்சியது வெப்பமாக வெளியேறுகிறது. மின்பொறியோ நின்றால் நின்றதுதான். குளிர்சாதனம் மட்டுமே அப்போது சிறிது மின்சாரம் கொள்ளும். மின்கலத்திலிருந்து எடுத்ததில் முக்காற் பங்குக்கு மேல் ஓட்டத்துக்கே பயன்படுகிறது. வேகத்தைக் குறைக்கும்போது அப்பொறியே மின்னாக்கியாக மாறி, வீணாகியிருக்கக்கூடிய ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே, நின்று நின்று ஊரும் நகரச் சாலையில் அதன் செலவு குறைவு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்துச் செல்லும்போது செலவு மிகுதி. பெட்ரோல் காருக்கு இது நேர்மாறு. நகரத்துக்கென்றே அமைந்த ஒன்றை நெடுஞ்சாலைப் பந்தயத்தில் விட்டு, 'பார், தோற்றுவிட்டது' என்று கைகொட்டுவது அறிவுடையோர் செயலாகுமா?

இவ்வண்டி நேற்றுப் பிறந்ததென்று எண்ணுவதும் தவறு. 1897-இலேயே லண்டன் மாநகரில் மின்சார வாடகை வண்டிகள் ஓடின. 1900-இல் அமெரிக்காவில் உருவான கார்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை மின்சாரத்தால் ஓடியவையே. பெட்ரோல் வண்டியை முன்புறக் கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்பிய காலம் அது. கைப்பிடி திருப்பியடித்துக் கை முறிந்தவரும் உண்டு. 1912-இல் கேடிலாக் காரில் மின்சாரத் தொடக்கி பொருத்தப்பட்டதும் அத்தொல்லை தீர்ந்தது. மின்சாரக் காரை வீழ்த்தியதில் மின்சாரத்துக்கே பங்குண்டு என்பது வரலாற்றின் குறும்பு. மலிந்த எண்ணெயும் ஃபோர்டின் மலிந்த காரும் மீதியைச் செய்து முடித்தன.

நான் கேள்விப்பட்டதை மட்டும் வைத்து எழுதவில்லை. என் மைத்துனர் வெளிநாடு சென்றிருந்த மூன்று வாரங்களில் அவருடைய சிறிய மின்சாரக் காரை வாங்கி ஓட்டினேன். என் வீட்டிலிருந்து பணியிடத்துக்குப் போக 34 கிலோமீட்டர், வர 34 கிலோமீட்டர். ஆக, நாளொன்றுக்கு 68. முதல் இரண்டு வாரமும் கார் எங்கள் தொடர்வீட்டின் முன்கூடத்தில் உறங்கியது. அங்கிருந்த மின்செருகியை முன்னமே மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு தனிக் கம்பி இழுத்துப் பாதுகாப்பாக அமைத்திருந்தேன். இரவு உணவுக்குப் பின் செருகினால் நள்ளிரவு தாண்டிச் சிறிது நேரத்தில் அன்றைய செலவு ஈடாகிவிடும். ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவே. முதல் மூன்று நாள் முகப்பிலிருந்த விழுக்காட்டு எண்ணையே பார்த்துப் பார்த்து ஓட்டினேன். நான்காம் நாளிலிருந்து அந்த எண் இருப்பதே மறந்துபோயிற்று. எண்ணெய் நிலையத்தில் வரிசையில் நிற்கும் வேலையும் மறந்துபோயிற்று.

இனிக் கணக்கு. மாணவர்கள் தாள் எடுத்துச் சரிபார்க்கலாம். ஐந்து வேலை நாளுக்கு 340 கிலோமீட்டர். அதற்கு மின்கலம் கொடுத்தது 52 அலகு. ஏற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் வீட்டு அளவி காட்டியது ஏறத்தாழ 58 அலகு. 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த கட்டணத்தில், மாதம் 1,500 அலகுக்கு உட்பட்ட வீடுகளுக்கு எல்லாக் கூறுகளும் சேர்ந்து அலகு ஒன்றுக்கு ஏறத்தாழ 45 காசு. ஆக, வாரத்துக்கு 26 வெள்ளி. என் பழைய பெட்ரோல் கார் அதே நெரிசலில் நூறு கிலோமீட்டருக்கு ஏழரை லிட்டர் குடிக்கும். 340 கிலோமீட்டருக்கு இருபத்தைந்தரை லிட்டர். 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கென்று அறிவிக்கப்பட்ட 1 வெள்ளி 99 காசு என்னும் உதவித்தொகை விலையில் அது 51 வெள்ளி. பாதிக்குப் பாதி மிச்சம்! மின்சாரக் காரின் புகழ்பாடிகள் இந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவர்கள் அனைவருக்கும் முன்கூடம் உண்டு.

மூன்றாம் வாரம் வேண்டுமென்றே வீட்டுச் செருகியைத் தொடவில்லை. அடுக்குமாடியின் பதினான்காம் மாடியில் குடியிருப்பவன் என்று என்னை நானே வைத்துக்கொண்டு, வெளியிலுள்ள விரைவு மின்னேற்றி நிலையங்களை மட்டுமே நம்பி ஓட்டினேன். அலகு ஒன்றுக்கு 1 வெள்ளி 30 காசு. அதே 340 கிலோமீட்டர், அதே 52 அலகு; கட்டணம் 67 வெள்ளி 60 காசு. பேரங்காடியின் வாகன நிறுத்தக் கட்டணம் வேறு. கைப்பேசியில் மூன்று தனித்தனிச் செயலிகள், ஒவ்வொன்றுக்கும் முன்பணம். ஒருநாள் மின்னேற்றியின் முன் பெட்ரோல் கார் ஒன்று குளிர்ச்சியாக நின்றுகொண்டிருந்தது. இன்னொரு நாள் எனக்கு முன்னே இருவர். மெதுவான மின்னேற்றிகளில் கட்டணம் குறைவுதான். ஆனால் பணிமுடிந்து பசியோடு வந்தவர் அங்கே நான்கு மணி நேரம் என்ன செய்வார்?

காத்திருந்தவருள் ஒருவர் வாடகைக்கு எடுத்த மின்சாரக் காரில் பயணிகளை ஏற்றும் இளைஞர். வீட்டில் மின்னேற்ற வசதியில்லையா என்று கேட்டேன். "அண்ணே, வீட்டுலயே ஏத்த முடிஞ்சா நான் ஏன் இங்க வந்து ஒக்காரப் போறேன்?" என்றார். அவர் குடியிருப்பது மலிவு விலை அடுக்குமாடி.

இப்போது மூன்று எண்களையும் அருகருகே வையுங்கள். முன்கூடம் உள்ளவருக்கு 26. பெட்ரோல் காரருக்கு 51. அடுக்குமாடிக்காரருக்கு 68. ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே தொலைவு! யாருக்கு எரிபொருட் செலவு குறைய வேண்டுமோ அவருக்குத்தான் அது கூடுகிறது. இதை நாம் 'முன்னேற்றம்' என்று பாடநூலில் எழுதிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறோமா?

நம் இனத்துக்கு இது புதிய அனுபவமன்று. மலாயாவில் மின்சாரத்தை முதன்முதல் பயன்படுத்தியது 1894-இல் ராவாங் ஈயச் சுரங்கத்தில். அதனை நிறுவியோர் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும். ஒரு தமிழர் பெயர் அந்த வரலாற்றின் முதற் பக்கத்தில் இருக்கிறது என்று மேடைகளில் பெருமை பேசுகிறோம்; பேசலாம். ஆனால் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் கழித்தும் எத்தனையோ தோட்டத்து லயங்களில், நிருவாகத்தின் மின்னாக்கி ஓடும் சில மணி நேரத்துக்கு மட்டுமே விளக்கு எரிந்தது. விளக்கு அணைந்த பின் மண்ணெண்ணெய்ச் சிம்னியின் அருகில் படித்தவர்கள் இன்றும் நம்மிடையே மூத்த ஆசிரியர்களாக இருக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்திலிருந்து வெளியேறியவர்களில் பெரும்பகுதியினர் அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தனர். அங்கே இருபத்து நான்கு மணி நேரமும் மின்சாரம் உண்டு, வீட்டுக்குள். கீழே வண்டி நிற்கும் இடத்தில் ஒரு செருகிகூடக் கிடையாது. வண்டி நிறுத்தவே இடம் போதாமல் இரண்டாம் வரிசையில் நிறுத்திவிட்டுத் தொலைபேசி எண்ணைக் கண்ணாடியில் எழுதி வைத்துப் போகிறார்கள்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. செய்தது, யாருக்குச் செய்தது என்பதே வழக்கு. 2022 முதல் 2025 முடியும்வரை முழுதாக இறக்குமதியான மின்சாரக் கார்களுக்கு இறக்குமதி வரியும் கலால் வரியும் விலக்கப்பட்டன. அக்காலத்தில் அத்தகைய கார்களை 100,000 வெள்ளிக்குக் குறைவாக விற்கலாகாது என்ற விதியும் இருந்தது. உள்நாட்டுத் தொழிலைக் காக்க அவ்விதி வேண்டும் என்பதில் நியாயமுண்டு. ஆனால் விளைவைப் பாருங்கள்: பொதுமக்களின் வரிப்பணத்தை விட்டுக்கொடுத்து, இலட்ச வெள்ளி வண்டி வாங்கக் கூடியவருக்கு, அதாவது முன்கூடம் உள்ளவருக்கு, உதவினோம். 2025 முடிவுக்குள் நாடெங்கும் 10,000 பொது மின்னேற்றிகள் என்ற இலக்கோ ஏறத்தாழ பாதியளவிலேயே நின்றுவிட்டது. அமைந்தவற்றில் கண்ணில் படுபவை பேரங்காடிகளிலும் அலுவலகக் கோபுரங்களிலும் நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் இருக்கின்றன. மனிதர் உறங்கும் இடத்தில் எத்தனை?

விலை குறைந்தால் எல்லாம் சரியாகும் என்பார் உளர். விலை குறைந்துகொண்டுதான் இருக்கிறது. 2025 அக்டோபரில் புரோட்டோன் வெளியிட்ட இ.மாஸ் 5 என்னும் சிறு காரின் தொடக்க வகை ஏறத்தாழ 60,000 வெள்ளி. அதன் மின்கலத்தின் கொள்ளளவு 30 அலகு. ஒருமுறை நிரப்பினால் 225 கிலோமீட்டர் என்பது சோதனை அளவு. நெரிசல், குளிர்சாதனம், மழை ஆகியவற்றுக்காகத் தாராளமாகக் கழித்தாலும் என் பயணத்துக்கு இரண்டு நாள் தாங்கும். அதே ஆண்டு டிசம்பரில் பெரோடுவா தன் மின்சாரக் காரை 80,000 வெள்ளிக்கு, மின்கலம் நீங்கலாக, வெளியிட்டது. மின்கலத்துக்கு மாதம் 275 வெள்ளி வாடகை. இந்த ஏற்பாடு நல்லதா தீயதா என்பது தனி வழக்கு. மாத வாடகை என்பது நம் குடும்பங்களைக் கரையான்போல் அரிப்பது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். சொல்ல வந்தது வேறு. நகரப் பயணத்துக்குப் போதுமான சிறு மின்கலமும் நடுத்தரக் குடும்பம் எட்டிப் பிடிக்கக்கூடிய விலையும் வந்துவிட்டன. இனித் தடை வண்டியில் இல்லை, சுவரில் இருக்கிறது.

'அடுக்குமாடியில் இருப்பவர் மின்சாரக் கார் வாங்குவதில்லையே, பிறகு அங்கே மின்னேற்றி எதற்கு?' என்று கேட்பவரிடம் ஒன்று கேட்கிறேன். ஆற்றில் பாலம் இல்லாததால் யாரும் கடப்பதில்லை. யாரும் கடக்காததால் பாலம் வேண்டாம் என்பீரோ? இன்னும் சில ஆண்டுகளில் இன்றைய மின்சாரக் கார்கள் பழைய வண்டிச் சந்தைக்கு வரும். பழைய வண்டி எங்கே போய்ச் சேரும் என்பது நமக்குத் தெரியாதா? ஒரு காலத்தில் புதுப் புரோட்டோன் சாகா நின்ற முன்கூடங்கள் வேறு, பிற்காலத்தில் அதே சாகா நின்ற வாசல்கள் வேறு. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போவோர் நிலையும் இதுவே. மின்சார மோட்டார் சைக்கிள் வாங்குவோரில் வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு 2,400 வெள்ளி கழிவு தரும் திட்டம் 2023 டிசம்பரில் வந்தது. பாராட்டத்தக்கது. மின்கலத்தைக் கழற்றி மாடிக்குச் சுமக்க இயலாத வகையை வாங்கியவர் எங்கே செருகுவார் என்பதை அத்திட்டம் அவரிடமே விட்டுவிட்டது.

தீயைக் காட்டி அச்சுறுத்துவோரும் உண்டு. மின்கலம் தீப்பற்றினால் அணைப்பது கடினம் என்பது உண்மை. ஆகவே எங்கே, எந்த இடைவெளியில், எவ்வகைக் கம்பியில், யார் மேற்பார்வையில் அமைப்பது என்பதற்கு விதி வேண்டும், தடை வேண்டியதில்லை. தடை செய்தால் என்ன நடக்கும்? முதல் மாடிச் சன்னலிலிருந்து நீட்டிப்புக் கம்பி தொங்கும். மழையில் நனையும் அந்தக் கம்பிதான் தீக்கு வழி. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைக் காட்டி, 'தண்ணீரில் மின்சாரக் கார் என்னாகும்?' என்று கேட்கிறார்கள். அன்று அங்கே மூழ்கி வீணான பெட்ரோல் கார்களின் வரிசையை நாடே பார்த்தது. வெள்ளம் எரிபொருள் பார்த்து வருவதில்லை.

இவற்றுள் மதிக்கத்தக்க மறுப்பு ஒன்றே. 'அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது?' என்பது அது. தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியும் எரிவாயுவும் தருவது. கிள்ளானுக்கு வடக்கே காப்பாரில் கடலோரம் நிற்கும் அனல்மின் நிலையத்தைப் பார்த்தவர் இதை மறக்க மாட்டார். ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரியமிலவாயு வெளியாகிறது. என் மூன்று வாரச் செலவுக் கணக்கின்படி நூறு கிலோமீட்டருக்கு 13 கிலோ. பெட்ரோல் காருக்கு அதே தொலைவில் 17 கிலோவுக்கு மேல். எனவே, 'மாசே இல்லாத வண்டி' என்ற விளம்பரம் பொய். 'இரண்டும் ஒன்றுதான்' என்ற ஏளனமும் பொய். நகர வீதியில் குறையும் புகையின் ஒரு பகுதி காப்பார் வட்டாரக் குடும்பங்களின் தலைக்கு மேல் போகிறது. அங்கும் நம் மக்கள் வாழ்கிறார்கள், நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். புதிய நிலக்கரி நிலையங்கள் கட்டுவதில்லை என்று 2021-இல் அறிவித்த அரசு, பழையவற்றை எவ்வளவு விரைவில் மூடுகிறது என்பதைக் கண்காணிப்பதும் மின்சாரக் காரை ஆதரிப்போரின் கடமை. நெரிசலைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. மின்சாரக் கார் நெரிசலில் ஓசையின்றி நிற்கும், நிற்கத்தான் நிற்கும். இரயிலில் போகக் கூடியவர் இரயிலில் போகட்டும். என் வழியில் அது இரண்டு மாற்றமும் ஒரு நீண்ட நடையும் ஆகும்.

அண்டை நாட்டைப் பார்ப்போம். சிங்கப்பூரில் கார் வாங்குவதே பெருஞ்செல்வர் காரியம். 2023 அக்டோபரில் சிறு காருக்கான உரிமைச் சான்றிதழ் மட்டும் 100,000 வெள்ளியைத் தாண்டியது, அதுவும் அவர்கள் வெள்ளியில். ஆகவே நீதியின் இலக்கணம் அங்கேதான் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைச் சரியாகத் தொடங்கினார்கள். மக்களுள் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் உறங்குகிறார்கள் என்பதை உணர்ந்து, 2025-க்குள் அக்கழகப் பேட்டைகள் ஒவ்வொன்றையும் மின்சார வாகனங்களுக்கு ஆயத்தப்படுத்துவது என்று இலக்கு வைத்தார்கள். அதற்கென்று 2022-இல் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கீழ் தனி நிறுவனமே அமைத்தார்கள். 2030-க்குள் 60,000 மின்னேற்றிகள், அவற்றுள் 40,000 பொது நிறுத்தகங்களில் என்பது அவர்கள் கணக்கு. அடுக்குமாடியிலிருந்து தொடங்கிப் பேரங்காடிக்குப் போவது ஒரு வழி. நாம் பேரங்காடியிலிருந்து தொடங்கினோம். அடுக்குமாடிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று கேட்பார் சிலர். 'மின்மகிழுந்து' என்பதா, 'மின்னூர்தி' என்பதா என்று ஒரு பட்டறை முழுவதும் வாதிட்ட கூட்டமொன்றில் நானும் அமர்ந்திருந்தேன். சொல் வேண்டும்; மறுக்கவில்லை. நான் 'மின்சாரக் கார்' என்றே எழுதுகிறேன். மகிழுந்து என்பார் அவ்வாறே எழுதிக்கொள்க. ஆனால் சொல்லோடு நின்றுவிட்டோம். கட்டுரைப் போட்டிக்கு 'மின்சார வாகனத்தின் நன்மைகள்' என்று தலைப்புக் கொடுத்தால், மாணவர்கள் சுற்றுச்சூழல், சிக்கனம், நவீனம் என்று மூன்று பத்தி எழுதி முதற்பரிசு பெறுகிறார்கள். எழுதும் பிள்ளை அடுக்குமாடிப் பிள்ளையாக இருந்தாலும், தன் வாசலில் செருகி இல்லை என்பதை எழுதுவதில்லை. அது நன்மைப் பட்டியலில் வராதே! தலைப்பை மாற்றிக் கொடுங்கள். 'எங்கள் குடியிருப்பில் மின்சார வண்டியை எங்கே நிறுத்தி மின்னேற்றலாம்?' என்று கேளுங்கள். பிள்ளை கீழே இறங்கிப் போய்ப் பார்க்கட்டும், தூண்களை எண்ணட்டும், மின்பெட்டி எங்கே இருக்கிறது என்று காவலரைக் கேட்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிருவாகச் சட்டத்தின்படி அமைந்த கூட்டு நிருவாகக் குழுக்கள் ஆண்டுக் கூட்டம் நடத்தியாக வேண்டும். நம்மவர் அக்கூட்டங்களுக்குப் போவதில்லை. போனாலும் பின்வரிசையில் அமர்ந்து எழுந்து வருகிறார்கள். பொது நிறுத்தகத்தில் முதலில் நான்கே நான்கு மின்னேற்றிகள், வீட்டுக் கட்டணத்தில், தனித்தனி அளவியோடு வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்கட்டும். வாடகைக் குடியிருப்புகளில் இருப்போர் மாநகர் மன்றத்திடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் இதையே கேட்கட்டும். எங்கள் தாமானை அடுத்துள்ள அடுக்குமாடியின் சென்ற ஆண்டுக் கூட்ட நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பார்த்தேன். பதினொரு பொருள்கள் இருந்தன. மின்தூக்கிப் பழுது மூன்று இடங்களில் வந்தது. மின்னேற்றி ஓரிடத்திலும் இல்லை. அடுத்த கூட்டத்துக்கான தீர்மானங்களை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள்.